பனிக்காலத் தோட்டத் தொண்டுக்கு ஃபெல்கோ 2 கத்தரி: எந்த வேலைக்குச் சரி, எதற்கு வேண்டாம்

இங்கிலாந்தின் பொதுத் தோட்டங்களில் தொண்டு வேலைக்குப் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஜூன் மாதத்து ரோஜாவை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கையில் கிடைப்பது ஜனவரி மாதத்து முள். நவம்பர் தொடங்கி மார்ச் முடியும் வரைதான் அங்கே வேலை குவியும். சருகு வார வேண்டும், கொடிகளைக் கம்பியில் கட்ட வேண்டும், ரோஜாவையும் ஆப்பிளையும் கவாத்து செய்ய (கிளைகளை அளவாக வெட்டிவிட) வேண்டும், காய்ந்து நிற்கும் பல்லாண்டுச் செடிகளை அறுக்க வேண்டும், கடைசியில் பாத்திகளின் மண்ணை மட்கால் மூடி மூடாக்குப் போட வேண்டும். இதில் பாதிக்குமேல் கவாத்துக் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை. எந்தத் தலைமைத் தோட்டக்காரரின் இடுப்புறையைப் பார்த்தாலும் அதில் சிவப்புக் கைப்பிடி போட்ட ஃபெல்கோ 2 செருகியிருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரமே அதை வாங்கக் கிளம்புவதற்கும் அதுதான் காரணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல கத்தரிதான். ஆனால் முதல் நாள் வெட்டில், 20 பவுண்டுக்குக் கிடைக்கும் ஒரு நல்ல கத்தரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்றாவது பனிக்காலத்தில்தான் தெரியும். அதுவும் பராமரித்தால் மட்டும். வாரத்துக்கு ஒரு காலை மட்டும் வருகிறவர் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கும் கத்தரியை எடுத்துக்கொண்டால் போதும். கொட்டகைக்கு வாங்கி வைக்க வேண்டியது தோட்ட நிர்வாகம்தான்.

இதைச் செய்வது சுவிட்சர்லாந்தின் நியூஷாத்தல் மாநிலத்தில், லே ஜெனவே சூர் கொஃப்ரான் என்ற ஊரில் 1945இல் ஃபெலிக்ஸ் ஃப்ளிஷ் தொடங்கிய நிறுவனம். நீளம் 215 மி.மீ., எடை 240 கிராம், 25 மி.மீ. பருமன் வரை வெட்டும். கைப்பிடி இரண்டும் அடித்து வடித்த அலுமினியம். மேலே சிவப்புப் பூச்சு. ஒரு பக்கம் கூரான வெட்டலகு, இன்னொரு பக்கம் தண்டைத் தாங்கும் தடித்த கொக்கி. வெட்டலகு கொக்கியை உரசிக்கொண்டு தாண்டிப் போகும். அதனால் பச்சைத் தண்டு அதிகம் நசுங்காது. பலகைமேல் கத்தியை இறக்குவதுபோல் வெட்டும் இன்னொரு வகைக் கத்தரி உண்டு. அது காய்ந்த குச்சிக்குச் சரி, உயிருள்ள ரோஜாத் தண்டுக்கு ஆகாது. ஃபெல்கோ 2இல் செடியின் பால் வடிந்து ஒட்டாமலிருக்க ஒரு பள்ளம் ஓடுகிறது. அலகின் அடியில் மெல்லிய கம்பி வெட்ட ஒரு சின்ன வெட்டுவாய் இருக்கிறது. கைப்பிடிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் அதிர்ச்சியைத் தாங்க ஒரு ரப்பர் துண்டு. இதில் எது தேய்ந்தாலும் தனியாக வாங்கி மாட்டலாம். கத்தரியின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ரப்பர் துண்டைப் பார்த்து விளம்பரத்துக்கான அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் குவீன் மேரி ரோஜாத் தோட்டத்தில் ஏறத்தாழ 12,000 ரோஜாச் செடிகள் இருக்கின்றன. செடிக்கு 15 வெட்டு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பருவத்துக்கு 1,80,000 வெட்டு ஆகிறது. அந்த அளவு தோட்டத்தில் எத்தனை பேர் பங்கிட்டாலும் ஒரு கைக்கு ஒரு காலையில் சில நூறு வெட்டு விழும். ரப்பர் தேய்ந்துபோன கத்தரியில் ஒவ்வொரு வெட்டும் மணிக்கட்டில் டக்கென்று இடிக்கும். மதியம் ஆவதற்குள் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கும். புது ரப்பரின் விலை மிகக் குறைவு. ஆனாலும் கொட்டகைகளில் மாற்றாமலே கிடக்கும் முதல் பாகம் இதுதான்.

ரோஜாக் கவாத்துக்கு ஃபெல்கோ 2 அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் அதற்கான நேரம்; வடக்கே போகப் போக இன்னும் தள்ளும். கடும் உறைபனி விழும் காலையில் தொட வேண்டாம். முதலில் செத்த தண்டு, நோய் கண்ட தண்டு, ஒன்றோடொன்று உரசும் தண்டு. இவற்றை எடுத்த பிறகுதான் உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தண்டுக்கு ஒற்றைப் பெரிய பூ விடும் ஹைப்ரிட் டீ வகையில் பலமான தண்டுகளைத் தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. வரை, அதாவது நான்கிலிருந்து ஆறு மொட்டு நிற்கும்படி குறைப்பார்கள். கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாவை 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் நிறுத்துவார்கள். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு 5 மி.மீ. மேலே, மொட்டின் எதிர்ப்பக்கமாகச் சரியும்படி வெட்டு விழ வேண்டும். ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவில் ஜனவரிக் கவாத்து முடித்து ஏப்ரல், மே சீசனுக்குப் பூக்க வைப்பதும் இதே கணக்குதான். பனி விலகும் மாதம் மட்டும் வேறு.

இங்கே பெரும்பாலோர் தவறுவது கத்தரியைப் பிடிக்கும் பக்கத்தில். கொக்கி அழுத்தும் பக்கத்தில் பட்டை கொஞ்சம் நசுங்கத்தான் செய்யும். அந்த நசுங்கல் கீழே விழப்போகும் துண்டில் இருக்க வேண்டும். ஆகவே செடியில் நிற்கப்போகும் பகுதியை ஒட்டி வெட்டலகு, கழியப்போகும் பகுதிப் பக்கம் கொக்கி. தலைகீழாகப் பிடித்தால் இரண்டு கெடுதல்: நிற்கும் தண்டின் நுனி நசுங்கிப் பட்டுப்போகும், தடித்த கொக்கி இடையில் நிற்பதால் மொட்டுக்கு மேல் 1 செ.மீ. வெறுந்தண்டு ஒரு முளைபோலத் தேவையில்லாமல் மிஞ்சும். அந்த முளைதான் பிறகு கறுத்துக் கீழே இறங்கி மொட்டையும் தின்னும். வரிசையைத் திரும்பிப் பார்த்தால், யார் எந்தப் பக்கம் பிடித்தார்கள் என்பது ஒவ்வொரு செடியிலும் எழுதியிருக்கும். வேரடியிலிருந்து கிளம்பும் காட்டுத் துளிரைக் கத்தரியால் வெட்டவே கூடாது. மண்ணை விலக்கி, அது வேரோடு சேரும் இடத்தில் பிய்த்தெடுக்க வேண்டும். வெட்டினால் அடியில் மிஞ்சும் கணுக்களிலிருந்து ஒன்றுக்கு நான்காக வரும்.

சுவரில் ஏறும் ரோஜாக்களுக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நேரம். பழைய கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, முதன்மைத் தண்டுகளைக் கிடையாக இழுத்துக் கட்டி, பூத்து முடிந்த பக்கக் கிளைகளை மூன்றில் இரண்டு பங்கு குறைக்க வேண்டும். கென்ட் மாவட்டத்து சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில் புதர் ரோஜாக்களையே ஹேசல் மரக் கம்பு வளையங்களில் வளைத்துக் கட்டும் வழக்கம் புகழ்பெற்றது. தண்டு கிடையாக நின்றால் நுனி மொட்டின் ஆதிக்கம் தளர்ந்து, நீளம் முழுக்கப் பக்க மொட்டுகள் விழிக்கும். இந்த வேலையில்தான் நல்ல கத்தரிகள் கெடுகின்றன. பழைய கட்டுகளில் சணல் நூல் மட்டும் இருக்காது. பட்டைக்குள் புதைந்த கம்பி இருக்கும், துரு நிறமும் பட்டை நிறமும் ஒன்றாகத் தெரியும். அலகின் நுனியால் அதை ஒருமுறை கடித்தாலும் கூரில் சிறு உடைவு, அதாவது பல், விழுந்துவிடும். பல் விழுந்த இடம் அதற்குப் பிறகு ஒவ்வொரு தண்டிலும் ஒரு நார் விட்டுப் போகும். கம்பிக்கு, அலகின் அடியிலுள்ள அந்தச் சின்ன வெட்டுவாயைப் பயன்படுத்துங்கள். அது மெல்லிய கட்டுக்கம்பிக்கு மட்டும். கொடி இழுத்துக் கட்டியிருக்கும் தடித்த இரும்புக் கம்பிக்குப் பிளையர்தான்.

விஸ்டீரியா கொடிக்கு ஆண்டுக்கு இரண்டு கவாத்து. கோடையில் நீளக் கிளைகளை ஐந்தாறு இலை விட்டு வெட்டியிருப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அதையே இரண்டு மூன்று மொட்டுக்குக் குறைக்க வேண்டும். ஏணியில் நின்று ஒரு கையால் செய்யும் வேலை என்பதால், கத்தரியை மூடிப் பூட்டும் கொண்டியைக் கட்டைவிரலால் தள்ளித் திறக்க முடிவது இங்கே பெரிய உதவி. ஆப்பிள், பேரி மரங்களைக் குளிர்கால உறக்கத்தில் கவாத்து செய்யலாம். பிளம், செர்ரி பக்கம் குளிர்காலத்தில் போக வேண்டாம். வெள்ளியிலை நோயின் பூஞ்சை வித்துகள் ஈர மாதங்களில் காயம் வழியே புகும்.

25 மி.மீ. என்று நிறுவனம் சொல்வது பச்சை மரத்துக்கு, அதுவும் புதிதாகத் தீட்டிய அலகுக்கு. முற்றிய ஆப்பிள் கிளையிலும் காய்ந்த ரோஜாக் கட்டையிலும் 15, 18 மி.மீ. தாண்டினாலே கை இறுகும். இறுகியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கத்தரியை இடமும் வலமுமாக முறுக்குவது. முறுக்கினால் வெட்டலகு கொக்கியைவிட்டு விலகும், நடு போல்ட் தளரும், அந்த இடைவெளி அதன்பிறகு தானாக மூடாது. பெருவிரல் பருமனைத் தாண்டினால் நீளக் கைப்பிடிக் கத்தரியை எடுங்கள், அல்லது மடக்கு ரம்பம். ஜப்பானிய சில்க்கி நிறுவனத்தின் பாக்கெட்பாய் ரம்பம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டால் ஃபெல்கோவின் ஆயுள் இரட்டிக்கும் என்று சொன்னால் மிகையாகாது. ரோஜாப் புதரின் அடியில் செத்த கட்டைகளை நெருக்கமான இடத்தில் எடுக்கவும் அந்த ரம்பம்தான் தோது.

பிப்ரவரி கடைசியிலிருந்து வரும் பெரும் அறுப்பில் ஃபெல்கோ 2 தோற்றுப்போகிறது. முன்பெல்லாம் இலையுதிர் காலத்திலேயே பாத்திகளை மொட்டையடித்துவிடுவார்கள். இப்போது பல தோட்டங்களில் காய்ந்த தண்டுகளையும் விதைத் தலைகளையும் குளிர்காலம் முழுக்க நிற்க விடுகிறார்கள். பறவைக்கு விதை, பூச்சிக்குத் தங்க இடம், பார்க்கிறவருக்கு உறைபனி படிந்த அழகு. அதனால் அறுப்பு முழுதும் மூன்று நான்கு வாரத்துக்குள் நெருக்கியடித்து வரும். செடம், ருட்பெக்கியா, எக்கினேசியா மாதிரித் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரியில் வெட்டலாம், வெட்டவும் செய்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய மிஸ்காந்தஸ் புல்குத்தில் நூற்றுக்கணக்கில் தண்டு இருக்கும். புல்லில் சிலிக்கா இருப்பதால் அலகு விரைவில் மழுங்கும். மழுங்கியதும் புல் வெட்டுப்படாமல் மடிந்து இரண்டு அலகுக்கும் நடுவே சிக்கும்.

இந்த வேலைக்கு வேலி வெட்டும் இருகைக் கத்தரிதான் சரி. குத்தைச் சணல் கயிற்றால் இடுப்பளவில் இறுக்கிக் கட்டுங்கள். தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் சுற்றிவர வெட்டுங்கள். கட்டு அப்படியே சாயும், தார்ப்பாயில் வைத்து இழுத்துப் போகலாம். கட்டாமல் வெட்டினால் சருகு பாத்தி முழுக்கச் சிதறி, பொறுக்குவதற்கு வெட்டியதைவிட அதிக நேரம் ஆகும். புதுத் துளிர் 5 செ.மீ. எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். தாமதித்தால் பச்சை நுனிகளும் சேர்ந்து போகும், அந்த ஆண்டு முழுக்க இலை நுனி சதுரமாக நிற்கும். மொலினியா புல்லுக்குக் கருவியே வேண்டாம். குளிர்காலக் கடைசியில் தண்டு அடியில் தானே ஒடியும். கையுறை போட்டு இழுத்தால் வந்துவிடும். ஸ்டைப்பா ஜைகான்டியா மாதிரி எப்போதும் பச்சையாக இருக்கும் புற்களை அறுக்கக் கூடாது. ரப்பர் கையுறையால் கோதிக் காய்ந்ததை மட்டும் உருவ வேண்டும். மிஸ்காந்தஸ் இலையின் ஓரம் தோலைக் கீறும், முழுக்கைச் சட்டை அவசியம்.

பல்லாண்டுச் செடிகளை ஃபெல்கோவால் வெட்டும்போது, மண்ணை ஒட்டி வெட்டும் ஆசையை அடக்க வேண்டும். ஈர மண்ணோடு மணல் துகளும் சிறு கல்லும் ஏறிய தண்டில் ஒரு வெட்டு, ஒரு காலைப் பொழுதின் கூர்மையைத் தின்றுவிடும். 5 செ.மீ. விட்டு வெட்டினால் துளிர் எங்கே வருகிறது என்பதும் தெரியும், மிதிக்காமல் இருக்கலாம். பாத்திக்குள் காலை வைக்கும் முன் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். நனைந்த களிமண்ணை மிதித்து இறுக்கினால் கோடை முழுக்க நீர் இறங்காது.

ஹெல்லிபோர் செடியின் பழைய இலைகளை டிசம்பர், ஜனவரியில் அடியோடு எடுப்பது இலைப்புள்ளி நோய்க்காக. பூமொட்டு அடியில் நிமிர ஆரம்பித்திருக்கும். இரண்டு மூன்று தண்டைச் சேர்த்துப் பிடித்து வெட்டினால் பூவும் போகும். இங்கே 215 மி.மீ. கத்தரி கொஞ்சம் பெரியதாகத் தோன்றும், மெல்லிய மூக்குள்ள சிறு கத்தரி வசதி. யூஃபோர்பியா செடி வெட்டும் நாளில் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதன் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் மருத்துவமனைதான். பிசுபிசுப்பு அலகில் காய்வதற்குள் துடைக்க வேண்டும். கையுறையோடு கண்ணைத் தேய்த்தவரின் கதை எல்லாத் தோட்டத்திலும் ஒன்று இருக்கும்.

குறைகளுக்கு வரலாம். ஸ்பிரிங் கைப்பிடிகளின் இரண்டு சிறு முளைகளில் செருகி நிற்கிறது, வேறு பிடிப்பு கிடையாது. கத்தரி கல்தரையில் விழுந்தாலோ, கைப்பிடியை அளவுக்கு மீறி விரித்தாலோ துள்ளி வெளியே போகும். சருகுக்குள் விழுந்த ஸ்பிரிங்கைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. கொட்டகையில் நான்கைந்து ஸ்பிரிங் எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். பாகத்தின் எண் 2/11. இரண்டாவது, கொண்டி. சில ஆண்டுகளில் அது தளர்ந்து, சட்டைப் பையில் இருக்கும்போதே திறந்துகொள்ளும். அதனால் பையில் போடாதீர்கள், இடுப்புறைதான். மூன்றாவது, சிவப்பு நிறம். கீழே வைத்தால் கண்ணில் படட்டும் என்பதற்காக வந்த நிறம். புதிதாக இருக்கும்வரை படும். பூச்சு தேய்ந்து அலுமினியம் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு சருகோடு சருகாகப் போய்விடும். வசந்தத்தில் மட்குக் குவியலைப் புரட்டும்போது கத்தரி கிடைக்காத தோட்டம் அரிது. கைப்பிடியில் பளிச்சென்ற நாடா ஒன்றைச் சுற்றி, எண் எழுதி, காலையில் எடுத்தவர் மாலையில் அதே ஆணியில் மாட்டும்படி செய்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மற்ற புகார்கள் பெரும்பாலும் கருவியைச் சேர்ந்தவை அல்ல. "புதுசு மாதிரி வெட்ட மாட்டேங்குது" என்று ஒதுக்கி வைத்த கத்தரிகளில் பத்தில் எட்டு மழுங்கியிருக்கும், அல்லது நட் தளர்ந்திருக்கும். செய்தித்தாளை ஒற்றையாகப் பிடித்து நுனியால் வெட்டிப் பாருங்கள். சுத்தமாக அறுந்தால் சரி. மடிந்து உள்ளே போனால் இடைவெளி. ஒரே இடத்தில் மட்டும் கிழிந்தால் அங்கே பல் விழுந்திருக்கிறது.

இறுக்குவதற்கு: நடு நட்டைச் சுற்றிப் பற்கள் இருக்கும், அதைக் கவ்விக்கொண்டு ஒரு சிறு பல்தகடு, தகட்டைப் பிடித்திருக்கும் ஒரு சின்னத் திருகு. திருகைக் கழற்றித் தகட்டை எடுங்கள். நட்டை ஒரு பல், இரண்டு பல் அளவு மட்டும் திருப்புங்கள். சரிபார்க்க ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடியைக் கிடையாகப் பிடித்து மற்றதை முழுக்கத் திறந்து விடுங்கள். பொத்தென்று விழுந்து மூடினால் இன்னும் தளர்வு. அசையாமல் நின்றால் இறுக்கம் அதிகம்; அப்படியே வேலை செய்தால் கைதான் வலிக்கும். மெல்ல இறங்கிப் பாதியில் நிற்க வேண்டும். பிறகு தகட்டையும் திருகையும் மறக்காமல் மாட்டுங்கள். தகடு இல்லாமல் வெட்டினால் அன்றைக்கே நட் கழன்றுகொள்ளும்.

தீட்டும்போது வெட்டலகின் சரிவான பக்கத்தை மட்டும் தீட்ட வேண்டும். அடியிலிருந்து நுனிக்கு, ஒரே திசையில், ஏற்கெனவே உள்ள சரிவை ஒட்டி. 20 பாகையைக் கொஞ்சம் தாண்டிய கோணம். தட்டையான பின்பக்கத்தில், கல்லைப் படுக்கையாக வைத்து ஓரிரு இழுப்பு மட்டும், பிசிறு போவதற்காக. பின்பக்கத்தையும் சாய்த்துத் தீட்டிவிட்டால் அலகுக்கும் கொக்கிக்கும் நடுவே நிரந்தர இடைவெளி விழும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. கொக்கியைத் தீட்டவே கூடாது. தீட்டுவதற்கு முன் பால் கறையை எடுங்கள்: வெந்நீரில் சோப்பு, பழைய பல் துலக்கி, போகாத இடத்தில் மெல்லிய இரும்பு நார். கறைமேல் தீட்டினால் கல்தான் அடைபடும்.

தினமும் வேலை முடிந்ததும் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட இரண்டு நிமிடம் போதும். பனியில் நனைந்த தோல் உறைக்குள் இரவு முழுக்க வைத்தால் காலையில் அலகில் பழுப்புப் படலம் நிற்கும். வாரம் ஒருமுறை தீட்டல். டிசம்பரில் ஒருமுறை, மார்ச் கடைசியில் ஒருமுறை முழுதாகப் பிரிப்பது. ஸ்பிரிங், திருகு, தகடு, நட், போல்ட் என்ற வரிசையில் கழற்றி ஒரு தட்டில் அதே வரிசையில் வையுங்கள். சுழலும் இடத்தில் பழைய கிரீஸோடு மண் குழைந்திருக்கும், அதை வழித்துவிட்டுப் புது கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். தீட்டித் தீட்டி வெட்டலகு ஒடுங்கி, கொக்கியை முழுக்க மூடாத நிலை வந்தால் அலகையே மாற்றலாம், எண் 2/3. அதன் விலை புதுக் கத்தரியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மலிவுக் கத்தரிகளில் பலவற்றுக்கு இப்படித் தனி அலகு கிடைக்காது. அவை மழுங்கித் தளர்ந்தபின் குப்பைக்குத்தான் போகும்.

நோய் கண்ட செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அலகைச் சுத்தம் செய்வது பொதுத் தோட்டத்தில் கட்டாய ஒழுக்கம். பல பேர் கைமாறும் கருவி ஒரு பாத்தியின் நோயை இன்னொரு பாத்திக்குக் கொண்டுபோகும். முதலில் பாலையும் துகளையும் துடைக்க வேண்டும், பிறகு ஆல்கஹால் தெளிப்பு. ப்ளீச்சும் வேலை செய்யும், ஆனால் அலகை அரிக்கும், கழுவி எண்ணெய் இடாவிட்டால் மறுநாளே தெரியும். பாக்ஸ் என்ற பசுமைமாறாச் செடியால் வேலி உள்ள தோட்டமானால், அதைத் தாக்கும் கருகல் நோய் பரவாமலிருக்க என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தனிக் கருவிகளே ஒதுக்கியிருப்பார்கள்.

மார்ச்சில் வேலையின் சுபாவம் மாறுகிறது. கார்னஸ் செடிகளின் சிவப்புத் தண்டுகளை மாதக் கடைசியில் 5 முதல் 7.5 செ.மீ. விட்டு வெட்டுவார்கள், அடுத்த குளிர்காலத்தின் நிறம் அந்தப் புதுத் தண்டில்தான் வரும். பட்லியா புதரையும் அப்போதே குறைக்கலாம். பின்கோடையில் பூக்கும் கிளமாடிஸ் கொடியை அதற்கு முன்பே 30 செ.மீ. அளவில், பலமான மொட்டு இணைக்கு மேல் வெட்டியிருக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியாவில் பெரிய உருண்டைப் பூ வகைக்குப் பழைய பூத்தலைகள்தான் உறைபனிப் போர்வை. அவசரப்பட்டு பிப்ரவரியில் எடுக்காமல், வசந்தத்தில் முதல் பலமான மொட்டு இணைக்கு மேல் மட்டும் வெட்டுங்கள். இவை எல்லாம் ஃபெல்கோ 2 தயங்காமல் செய்யும் வேலைகள். வேலிகளைத் தொடுவதானால் பிப்ரவரிக்குள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும், கூட்டைக் கெடுப்பது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். கவாத்து முடிந்த ரோஜாப் பாத்திக்கு மட்கிய தொழுவுரத்தை 5 முதல் 7.5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள், ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

கொட்டகைக்கு வாங்கும்போது எல்லாவற்றையும் 2ஆகவே வாங்கும் வழக்கம் தவறு. சின்னக் கைக்கு இதை முழுக்க விரிக்க முடியாது. விரல் நுனியால் எட்டிப் பிடித்து வெட்டுகிறவர்களுக்குத்தான் முதலில் கை வலிக்கும். அவர்களுக்கு ஃபெல்கோ 6. இடதுகைக்காரர்கள் வலதுகைக் கத்தரியில் வெட்டினால் அலகு கண்ணுக்கு மறைவாகப் போகும், மொட்டின் மேல் வெட்டு எங்கே விழும் என்பது ஊகம்தான். 9, 10 எண்ணுள்ளவை இடதுகைக்கென்றே செய்தவை. மூட்டு வலி உள்ளவர்கள் சுழலும் கைப்பிடி உள்ள 7ஐக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அது கனம் அதிகம், பழகச் சில நாள் ஆகும், பிடிக்காதவர்களும் நிறைய. பத்துப் பேர் வரும் தோட்டத்துக்கு ஃபெல்கோ 2 ஆறு, ஃபெல்கோ 6 இரண்டு, இடதுகைக் கத்தரி ஒன்று என்ற கலவை நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாற்று வேண்டுமென்றால் ஜப்பானின் ஒகாட்சுனே 103. சிவப்பும் வெள்ளையுமாகக் கைப்பிடி, குறைவான பாகங்கள், கார்பன் எஃகு அலகு. புதிதில் ஃபெல்கோவைவிடக் கூர்மை என்றே சொல்லலாம், விலையும் குறைவு. ஆனால் துடைக்காமல் விட்டால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். சொந்தக் கருவியைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கு அது நல்ல தேர்வு. பத்துக் கை மாறும் கொட்டகைக்கு வேண்டாம்.

இங்கிலாந்தில் ஃபெல்கோ 2இன் விலை கடைக்குக் கடை மாறும், 50 பவுண்டை ஒட்டி நிற்கும். அதில் பாதிக்கு இணையத்தில் கண்ணில் பட்டால் போலியாக இருக்க வாய்ப்புண்டு. போலியில் பூச்சும் எழுத்தும் அசலைப் போலவே இருக்கும். 2/3 அலகை வாங்கி மாட்டப் போகும்போதுதான் போல்ட் துளை பொருந்தாது.